கணக்கைக் கலைக்கிறவர்

என் அக்காவின் கணவர் முடிதிருத்துகிறவர். அவருக்கு வாயும் கத்திரியும் ஒன்றாகத்தான் ஓடும். வேதத்தில் அவருக்குப் பிடித்த வசனம் ஒன்றே ஒன்று: நம் தலைமுடி ஒவ்வொன்றையும் கடவுள் எண்ணி வைத்திருக்கிறாராம். இயேசுவே சொன்னதாயிற்றே என்ற தைரியத்தில், நாற்காலியில் உட்காருகிறவர்களையெல்லாம் அதை வைத்தே வதைப்பார்.

"அவரு பாடுபட்டு எண்ணி வைக்கிறாரு. நான் பத்து நிமிஷத்துல கணக்கைக் கலைச்சுடறேன். மறுபடி எண்ணட்டும்!"

ஒருமுறை போதகரே மடக்கிப் பார்த்தார். "வெட்டினா நீளம்தானேப்பா குறையும்? எண்ணிக்கை குறையாதே."

"அப்ப நீளத்தையும் எழுதி வெச்சிருப்பாருங்க ஐயா. அவரு அரைகுறையா வேலை செய்யறவர் இல்ல."

எனக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. "உன் தலை வந்தா அவருக்கு லீவு, மாப்ள" என்பார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அப்போதும் மாமாவின் வாய் ஓயவில்லை. முதல் ஊசி ஏறிய மூன்றாவது வாரம், இடுப்பு வரை தொங்கிய முடி கொத்துக் கொத்தாக வந்தது. தலையணையில் முடி, சீப்பில் முடி, குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் முடி. அக்கா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த ஊசிக்கு நான் வரல. கடவுளே என்னை மறந்துட்டாரு. நீங்களும் விட்டுடுங்க."

அடுத்த ஊசி மறுநாள் காலை. அதைத் தவறவிட்டால் நோய் முந்திக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில், "முடி இல்லாம இருக்கறது ஒண்ணும் கேவலம் இல்லக்கா, என்னைப் பாரு" என்றேன்.

"உன்னைப் பாத்துதான்டா பயமா இருக்கு" என்றாள். நாக்கு மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

மதியம் மாமா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். "வா, மீதியை நானே எடுத்துடறேன். அதுவா உதிர்றதைப் பாத்துக்கிட்டு உக்காராதே. ஊசிக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

என்ன நினைத்தாளோ, எழுந்து அவரோடு கடைக்குப் போனாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மாமா கழுத்தில் துணியைக் கட்டினார், மெஷினைப் போட்டார். மெஷின் ஓடியது, அவர் வாய் ஓடவில்லை. இந்த மனிதருக்கும் பயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கடை வாசலிலேயே நின்றேன்.

"ஏதாவது பேசித் தொலைங்களேன்" என்றாள் அக்கா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

காதுக்குப் பின்னால் மெஷின் நின்றது.

"இங்க ஒரு மச்சம் இருக்கு."

"எங்க?"

"காதுக்குப் பின்னாடி, மிளகு மாதிரி. ஊர்ல இருக்கற தலையெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுத் தலை தெரியல பாரு!"

அக்கா கண்ணைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கே தெரியாதே. யாருக்குமே தெரியாம இருந்திருக்கு."

"யாருக்குமேன்னு சொல்லாதே" என்றார் மாமா. "அத்தனை முடியையும் எண்ணினவரு இதைப் பாக்காமயா எண்ணியிருப்பாரு?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அழட்டும் என்று விட்டுவிட்டு, மாமா மிச்ச முடியையும் எடுத்து முடித்தார்.

"அப்ப உள்ள இருக்கறதும் அவருக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார். நோய் வந்த நாளிலிருந்து அவர் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அக்கா துணியின் ஓரத்தாலேயே மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஏழு" என்றார் மாமா. அவளுடைய மொட்டைத் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.