ஜெட்டிக்கு ஐந்து நிமிடம்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கோலா கெடாவில், ஒரு பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். பயணம் எதுவும் இல்லை. பெட்டிக்குள் பத்துக் கிலோ அரிசியும் இரண்டு போர்வையும். கையில் ஃபோன், அதில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

பைத்தியமா என்கிறீர்களா? சுங்கை பட்டாணியிலிருந்து காடி ஓட்டிவந்த என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு, படகு ஏறும் ஜெட்டி பக்கத்துக் கடையில் தே குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

சொல்கிறேன்.

போன வருடம் நாங்கள் லங்காவித் தீவுக்குப் போனோம். காலை முதல் ஃபெரி. அதனால் முந்தின இரவு மணியம் அண்ணனின் ஹோம்ஸ்டேயில் தங்கினோம். அவரும் நானும் கோலா கெத்தில் ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நான்கு வீடு தள்ளி அவர் வீடு. இப்போது கோலா கெடாவில் ஒரு கடைக்கு மேலே நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார்.

கிளம்பும் முன் தோசை வைத்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீதான் பேப்பர்ல எழுதுற ஆளாச்சே, அந்த டிராவல் ஃபோரத்துல நாலு வரி எழுதி விடேம்மா. நம்ம ஆளுக்கு நம்மதான் எழுதணும்."

அவர் தோசை என் வாயில். எப்படி முடியாது என்பது? ஃபோனை எடுத்தேன்.

"ஜெட்டி எவ்ளோ தூரம்ணே?"

"அஞ்சு நிமிஷம்னு போடு."

"நடந்து போகலாம்னு சேர்த்துக்கவா?"

"போடு போடு, நல்லாருக்கும்லா!"

போட்டேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். செங்குத்தான மாடிப்படியைப் பற்றியோ, காலையில் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியோ மூச்சு விடவில்லை. எழுதி முடித்ததும் அண்ணன் தன் வேனிலேயே எங்களை ஜெட்டியில் இறக்கிவிட்டார். ஆக, நடந்து போகலாம் என்று எழுதிய இந்த மகராசியின் கால் அந்த ரோட்டில் படவே இல்லை!

போன மாதம் அந்த ஃபோரம் வழியாக ஒரு மெசேஜ் வந்தது. ஜொகூரிலிருந்து வசந்தி என்று ஒரு பெண்.

"அக்கா, உங்க பேரப் பார்த்துதான் அந்த ரூம எடுத்தேன். எழுதினவங்கள்ல உங்க பேரு ஒன்னுதான் தமிழ்ப் பேரு. நம்ம ஆளு பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

அவள் அம்மா ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். முட்டியில் ஆபரேஷன் ஆகி, கோல் ஊன்றித்தான் நடக்கிறார். ஒரு தடவை படகில் ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும், லங்காவிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அன்று மணியம் அண்ணனின் வேன் வொர்க்‌ஷாப்பில் இருந்திருக்கிறது. ஐந்து நிமிட நடைதானே, அம்மாவின் வேகத்துக்குப் பதினைந்து ஆகட்டும் என்று, அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கி நடந்திருக்கிறார்கள்.

பாதி வழியில் அம்மாவால் முடியவில்லை. ரோட்டோரம் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். டெக்சி ஒன்றைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஃபெரி போய்விட்டது. அடுத்ததில் இடமில்லை. அம்மா சொன்னாராம்: "போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம்."

மூன்று முறை படித்தேன். எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது... யார் மேல்? அண்ணன் மேல் கோபப்படுவது சுலபம். எழுதிய விரல் என்னுடையதாயிற்றே!

வசந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவை இன்னொரு தடவை கூட்டிவா, நானே காடியில் ஜெட்டி வாசலில் இறக்குகிறேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

அதற்குப் பிறகுதான் அந்த அரிசிப் பெட்டி நடை. ஹோம்ஸ்டே வாசலில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு நான் நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். மணியம் அண்ணன்!

"என்னம்மா பெட்டியும் கையுமா? ரூம் வேணுமா?"

"வேணாண்ணே. ஜெட்டிக்கு நடந்து பார்க்கிறேன்."

நான் நடக்க, பக்கத்திலேயே மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"காடில போனா அஞ்சு நிமிஷம்தானம்மா!"

"அத அந்தம்மா முட்டிகிட்ட சொல்லுங்கண்ணே."

இருபத்திரண்டு நிமிடம். நல்ல முட்டி உள்ள எனக்கே இருபத்திரண்டு நிமிடம். வழியில் நிழல் என்று பார்த்தால் ஒரே ஒரு பஸ் ஸ்டாப். தே கடையில் உட்கார்ந்தே பழைய ரிவியூவைத் திருத்தினேன். "ஐந்து நிமிடம் என்று நான் எழுதியது பொய். நடக்காமலே எழுதினேன். இன்று பெட்டியோடு நடந்து பார்த்தேன், இருபத்திரண்டு நிமிடம். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து வரவும். தோசை மட்டும் உண்மையிலேயே பிரமாதம்." நட்சத்திரம் மூன்று.

அன்று சாயங்காலமே ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துச் சொந்தம், கோயில் கமிட்டி, யார் யாரோ! "நம்ம ஆளு பொழப்புல நம்மளே மண்ணப் போடலாமா?" "பேப்பர்ல எழுதறவங்கன்னா என்ன வேணா எழுதுவீங்களா?" ஒருவர் ரொம்ப அக்கறையாக, அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார்.

அழிக்க மாட்டேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆளு, நம்ம ஆளு என்கிறீர்களே... ரோட்டோரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா யார் ஆளு?

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி வேறு மாதிரி ஆறுதல் சொன்னாள்: "ஃபோரத்துல வர்றதெல்லாம் குப்பைலா, எவன் நம்புறான்?" அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் நம்புகிறேன். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு, பக்கத்துக் கடைக்காரன் மேல் பொறாமையில் எழுதுகிறவர்கள் உண்டு, என்னைப் போல் தோசைக்கு எழுதுகிறவர்களும் உண்டு. இருக்கட்டுமே! கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று எந்த விளம்பரம் சொல்லியிருக்கிறது? முன்பின் தெரியாத ஒரு பயணிதான் சொல்கிறான். அவனுக்கு அதில் ஒரு சென் காசு லாபம் கிடையாது. தனக்குப் பின்னால் வருகிறவன் அவஸ்தைப்படக் கூடாது என்று வீட்டுக்கு வந்து, அலுப்போடு உட்கார்ந்து எழுதுகிறான்.

நான் நட்சத்திரத்தை எண்ணுவதே இல்லை. அருமை, சூப்பர், வீடு மாதிரி... தாண்டிப் போய்விடுவேன். ஃபேன் சுவிட்ச் கட்டிலுக்கு எட்டவில்லை என்று ஒருவர் சலித்துக்கொண்டிருப்பார் பாருங்கள், அவர் நிஜமாகவே அந்தக் கட்டிலில் படுத்தவர். அவரை நம்பலாம்.

போன ஞாயிறு குருண் டவுனில் ஒரு கல்யாணம். மணியம் அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலித்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு ஐந்து நட்சத்திரப் பொய். "போய் ஒரு வார்த்தை பேசிடேன்" என்றார் என் வீட்டுக்காரர். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கை கழுவும் இடத்தில் யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். அண்ணன் மனைவி, சரோஜா அண்ணி. சரி, இவர்களும் திட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து நின்றேன்.

அண்ணி சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் தணிந்தது.

"அன்னைக்கு அந்தம்மா கோல ஊனிக்கிட்டு நடந்து போறத நான் சன்னல்ல நின்னு பார்த்தேம்மா. ரொம்பத் தூரம், நடக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இவரு பேரு கெட்டுடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அன்னையிலேருந்து தூக்கமே இல்ல."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவர், திரும்பி வந்தார்.

"காலையில குழாயில தண்ணி வராதுல்ல? அத ஏன் விட்டுட்ட? அதையும் எழுது!"

எழுதிவிட்டேன். இப்போது நட்சத்திரம் இரண்டு.