செவ்வாய்க்கிழமை வேலை செய்யாத சாவி

நேற்று என் மகன் செல்போனில் ஒரு பழைய கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பூட்டையும் திறக்கும் சாவியைக் கழுத்தில் மாட்டிய அணில், கூண்டுக்குள் உட்கார்ந்து அழுகிறது. "சாவிதான் இருக்கேம்மா, திறந்துட்டு வர வேண்டியதுதானே?" என்றான். வெங்காயம் நறுக்கியபடியே, "செவ்வாய்க்கிழமை அந்தச் சாவி வேலை செய்யாதுடா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். பாவம், அது என் பதிலே இல்லை, அக்காவுடையது.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒற்றை அறை வாடகை வீடு எங்களுக்கு. அம்மா ஒரு பாயுடைய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் இருவரையும் உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே கொதிக்கும். சூடான தூசி வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு முட்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. டிவி பார்க்கலாம், சத்தம் வைக்கக் கூடாது.

"சத்தம் வெச்சா இன்னாக்கா?"

"டியூப் சூடாயி வெடிச்சிரும்."

"அம்மா ஏன் பூட்டிக்கினு போவுது?"

"திருடன் வருவான்."

"நம்ம வூட்ல இன்னா இருக்குது திருட?"

"டிவி இருக்குதில்ல."

ஊமை டிவிக்கு அக்காதான் வாய். அணில், ஆமை, பூனை எல்லாவற்றுக்கும் அவளே குசுகுசுவென்று பேசுவாள். கதையில் ஓட்டை விழுந்தால் அடைப்பதும் அவள்தான். ஆமை எப்படி முதலில் போய்ச் சேர்ந்தது? வடக்கனந்தல் பஸ்ஸில். போன வாரம் செத்த பூனை? இது அதன் தம்பி. அணிலின் சாவி? செவ்வாய்க்கிழமை லீவு. நேற்றும் அதையேதானே சொன்னாய், நேற்று திங்கள் ஆயிற்றே என்று மடக்கினால், "அணில் ஊர்ல நேத்தே செவ்வாய்" என்பாள். ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. தெருவில் இறங்க முடியாத ஆத்திரத்தை எல்லாம் வக்கீல் மாதிரி அந்த அணிலிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். "பாப்பா."

அப்பாவின் குரல். உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரவில்லை. "பாப்பா, அப்பா வந்துகீறேன்." பூட்டை ஆட்டினார். நான் எழுவதற்குள் அக்கா என் வாயைப் பொத்தி நெஞ்சோடு இறுக்கினாள். கன்னத்தில் ஏதோ குத்தியது. அவள் சட்டைக்குள், கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி. செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்வரை என்னை விடவில்லை.

"யாருக்கா அது?"

"பால்காரரு."

"இது இன்னா சாவி?"

"பீரோ சாவி."

எங்கள் வீட்டில் பீரோவே கிடையாது. அணிலை அந்தக் குடை குடைந்த நான், அன்றைக்கு மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் வாசற்படியில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கிடந்தது. அதுவும் பால்காரர் வைத்ததுதானாம். இரண்டு பேரும் தின்றோம்.

அதுதான் அப்பா கடைசியாக வந்தது. அந்த மழைக்காலத்தில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். குடித்துவிட்டு அம்மாவை அடித்ததும், என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியதும், அதற்காகவே அந்த வெளிப்பூட்டு என்பதும், தீப்பிடித்தால் கதவை ஒட்டிய ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் திறக்க அக்காவிடம் மாற்றுச் சாவி இருந்ததும் வளர்ந்த பிறகே தெரிந்தன. தெரிந்த பிறகும் அக்கா மேல் எனக்குக் கோபம் இருந்தது. திறந்திருந்தால் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.

அந்த வீடு இப்போது செல்போன் கடை. அந்தச் சேனலும் இல்லை. நேற்றுதான் அணில் பேசுவதை முதன்முதலாகக் காதால் கேட்டேன். "அட, சாவி இருக்கறதையே மறந்துட்டேன்" என்கிறது. அவ்வளவுதான் காரணம். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா அந்தக் கோடையில் ஒரு நிமிடம்கூட மறந்திருக்க மாட்டாள்.

அவளுக்குப் போன் செய்தேன். "அக்கா, அந்தப் பீரோ சாவி எங்க?"



"பால்காரர் கிட்ட குடுத்துட்டேன்டி" என்றாள்.