கயிற்றுக்குள் புகுந்த லென்ஸ்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் ‘பாஸ்போர்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஸ்டூடியோ. உள்ளே ஒரு வெள்ளைத் திரை, ஒரு சுழல் நாற்காலி, இரண்டு குடை விளக்குகள். கல்யாணமான புதிதில் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், முதலாளி முதுகுவலி என்று படுத்த வாரத்தில் கேமராவைத் தொட்டாள். தொட்டவள் விடவில்லை. அவர் மகனோடு வெளியூர் போனபோது கடையையே எடுத்துக்கொண்டாள்.

வேலை என்னவோ தினமும் ஒன்றுதான். நிமிர்ந்து உட்காருங்க, காது தெரியட்டும், சிரிக்காதீங்க. கேமரா முக்காலியின் மேல் ஆணி அடித்தாற்போல் நிற்கும். அதன் பின்னால் அவளும் அப்படியே நிற்பாள்.

ஒருநாள் பெண்கள் குத்துச்சண்டைக் கழகத்தின் பயிற்சியாளர் விசா படத்துக்காக வந்தார். உடைந்து கூடிய மூக்கு, ஆணி அறைந்தால் ஆணியே வளைந்துவிடும் என்பதுபோன்ற தோள்கள். விசா படம் முடிந்த கையோடு அவருடைய கைபேசி ஒலித்தது. அவர் பயிற்சி கொடுத்த பெண் எங்கோ ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டாளாம். கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அந்த முரட்டு முகம் குழந்தைபோலச் சிரித்தது. பாஸ்போர்ட் அக்காவின் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

கணினித் திரையில் அதைப் பார்த்த பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“இது நானா?”

“நீங்கதான் மேடம்.”

“புது ஹால் கட்டுறோம். சுவர் முழுக்க எங்க பொண்ணுங்க முகத்தைப் பெரிசா வைக்கணும். வேற யாரும் வேண்டாம், நீங்கதான் எடுக்கணும்.”

கரும்பு தின்ன யாராவது கூலி கேட்பார்களா? சரி என்று சொல்லிவிட்டாள். அவர் போன பிறகுதான் லென்ஸின் நினைவு வந்தது. கேமராவோடு வந்த பழைய லென்ஸ் விரல்நீளப் படத்துக்குப் போதும். கதவளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கலங்கின தண்ணீராகத் தெரியும்.

அன்று மாலையே லென்ஸ் கடைக்குப் போனாள். ஊருக்கெல்லாம் லென்ஸ் விற்கிற கடைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். மேசையில் துணி விரித்து இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். இரண்டுமே முகம் எடுப்பதற்கென்றே செய்தவை.

“இது பெரியவரு, இது சின்னவரு” என்று அறிமுகம் செய்தார்.

பெரியவரின் முன்கண்ணாடி தேங்காய் மூடி அகலம். தூக்கினால் அம்மிக் குழவி. சின்னவர் உள்ளங்கைக்குள் அடங்கினார். பெரியவரின் விலைக்குச் சின்னவரைப்போல நான்கைந்து பேரை அழைத்துப் போகலாம்.

“என்னண்ணே அப்படி வித்தியாசம்?”

“பெரியவரு மங்கின வெளிச்சத்துலயும் பளிச்சுனு எடுப்பாரு. கண்ணு ஊசி முனை மாதிரி நிக்கும், பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெயா உருகிடும்.”

“அப்ப சின்னவரு?”

“தங்கமான பிள்ளை. ஆனா அந்தளவு உருக்கத் தெரியாது. நான் சொல்லி என்ன ஆகப்போவுது? ரெண்டையும் வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க. சனி ஞாயிறு வெச்சிருந்து பாருங்க.”

வீட்டுக்குப் போனதும் கணவனை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பெரியவரைத் திருப்பினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியே நின்றது. புருவத்தில் ஒட்டியிருந்த கிரீஸ்கூட நகைபோல மின்னியது.

அவன் எட்டிப் பார்த்தான். “எல்லாம் சரி, என் காது எங்க?”

“உருகிடுச்சுங்க. அதுதான் இதோட அழகு.”

“காசும் இப்படித்தான் உருகும்போல.” சிரித்துவிட்டு மறுபடி பார்த்தான். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. “எங்கம்மாகூட என்னை இவ்வளவு ஆசையாப் பார்த்திருக்க மாட்டாங்க. வாங்கிடு. புது பைக் அப்புறம் வாங்கிக்கலாம், பழசு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.”

பெரியவர்தான் என்று மனசு முக்கால்வாசி முடிவு செய்துவிட்டது. சின்னவரை உறையைவிட்டு எடுக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டைக் கழகம். பழைய கிடங்கு ஒன்றுதான் அப்போதைக்குப் பயிற்சிக் கூடம். வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை, கையுறைகள் மணல்மூட்டையில் விழும் ‘தொம் தொம்’. நடுவே கயிறு கட்டிய மேடை. பாஸ்போர்ட் அக்கா கயிற்றுக்கு வெளியே நின்று பெரியவரைத் தூக்கிப் பிடித்தாள். முதலில் வந்தவள் ‘குருவி’. கூட்டத்திலேயே சின்ன உருவம். ஒரு நொடிகூட அவள் கால் தரையில் நிற்கவில்லை.

ஃபோகஸ் அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் குருவி பறந்துவிட்டாள். மூக்கு நுனி துல்லியம், கண்கள் பனிமூட்டம். அடுத்ததில் கையுறைத் தையல் பிரமாதம், முகத்தைக் காணோம்.

“கொஞ்சம் அசையாம நில்லும்மா.”

“அசையாம நின்னா அடி விழுமே அக்கா!”

கூடமே சிரித்தது. அவளைப் பிடித்து ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்த பிறகுதான் படம் சரியாக வந்தது. சரியாக என்ன, அற்புதமாக. தோலின் வியர்வைத் துளி ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு எரிந்தது. பெருமையோடு பயிற்சியாளரிடம் காட்டினாள்.

“ரொம்ப அழகா இருக்கு.” பயிற்சியாளர் இழுத்தார். “ஆனா... பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்காளே.”

பாஸ்போர்ட் அக்கா மறுபடி பார்த்தாள். நிமிர்ந்த முதுகு. மூடிய வாய். இரண்டு காதும் தெரிகின்றன. யாரோ பொடனியில் தட்டினாற்போல் இருந்தது. இத்தனை விலையுள்ள லென்ஸிலும் கடைசியில் பாஸ்போர்ட் படமா?

பெரியவரைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். சின்னவரை மாட்டினாள். கேமரா கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத லேசு. மணி அடித்தது, குருவியும் அவளைவிட ஒரு தலை உயரமான இன்னொருத்தியும் மோதத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் கயிற்றை மேலே தூக்கிப் பிடித்தார்.

“வெளிய நின்னு என்ன எடுக்கப் போறீங்க? உள்ள வாங்க!”

செருப்பை உதறிவிட்டுக் குனிந்து புகுந்தாள். அவ்வளவுதான். காலில் சக்கரம் கட்டியது யார் என்று தெரியவில்லை. அவர்கள் சுற்றினால் இவளும் சுற்றினாள், குனிந்தால் குனிந்தாள், மண்டியிட்டாள், முட்டி சிராய்த்தது, எழுந்து ஓடினாள். சின்னவரின் ஃபோகஸ் கண்ணைப் பிடித்தால் உடும்புப்பிடி. சட்டென்று பிடித்தார், பிடித்ததை விடவில்லை. உயரமானவளின் கைக்குக் கீழே புகுந்து குருவி ஒரு குத்து வைத்தாள். வைத்த வேகத்தில் திரும்பியவள், எதிரே மூச்சிரைக்கக் கேமராவோடு நிற்கும் அக்காவைப் பார்த்து, பல்கவசம் முழுவதும் தெரியச் சிரித்தாள்.

க்ளிக்!

“கிடைச்சுது!” என்று அக்கா போட்ட சத்தத்தில் சண்டையே நின்றுவிட்டது.

வீட்டில் கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளிச்சம் முகத்தில் வழிகிற அழகிலும் பின்னணி உருகுகிற நயத்திலும் பெரியவர் ராஜாதான். அதை அவள் மறுக்கவில்லை. சின்னவரின் படங்களில் பின்சுவரின் குழாய்கூட அரைகுறையாகத் தெரிந்தது. ஆனாலும் குருவியின் சிரிப்பைத் தாண்டி அவள் கண் நகரவில்லை.

“காசைப் பார்த்துப் பின்வாங்காத” என்றான் கணவன். “நான்தான் சொல்லிட்டேனே.”

“காசுக்காக இல்லங்க. அதைத் தூக்கினா நான் நிக்கிறேன். இதைத் தூக்கினா ஓடுறேன். இத்தனை வருஷம் நின்னது போதும்னு இருக்கு.”

அவன் அவள் முட்டியைப் பார்த்தான். “ஓடு, ஓடு. மருந்து நான் போட்டு விடுறேன்.”

மறுநாள் பெரியவரைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் முகம் தொங்கிப்போனது.

“பிடிக்கலையாம்மா?”

“ரொம்பப் பிடிச்சுதுண்ணே. ஆனா அவர் முன்னாடி எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நானும் சேர்ந்து.”

புத்தம்புதுச் சின்னவரோடு அந்த மாதம் முழுக்க அவள் கிடங்கிலேயே கிடந்தாள். புது ஹால் திறந்த அன்று சுவரில் முகங்கள் வரிசையாக நின்றன: அடி வாங்கிய முகம், அடி கொடுத்த முகம், தோற்றுவிட்டு எதிராளியையே கட்டிப்பிடித்து அழுத முகம். பெண்களின் அம்மாக்கள் தங்கள் மகளைத் தேடிக் கண்டுபிடித்து, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கணவன், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், “இதெல்லாம் என் வீட்டுக்காரி எடுத்தது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

விருந்தினராக வந்திருந்த நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் நேரே அவளிடம் வந்தார்.

“எங்க பசங்களையும் எடுத்துத் தருவீங்களா? கரையில நின்னு இல்ல. குளத்துக்குள்ள இறங்கி, பக்கத்துல இருந்து.”

“எடுக்கலாமே!” அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

கணவன் அவள் காதோரம் குனிந்தான். “உனக்குத்தான் நீச்சலே தெரியாதே!”

“தெரியாதுங்க” என்றாள், கண்கள் பளபளக்க. “அவங்ககிட்டயே கத்துக்க வேண்டியதுதான்.”