ஏலத்தில் திரும்பி வந்த மீன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு நின்ற படிப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று எழுதிய வரியை இன்று வாசித்தால், இதை யார் எழுதினார்கள் என்று தோன்றுகிறது. அப்படியும் வாரா வாரம் வாசிக்கிறீர்கள். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயம் மீனைப் பற்றியது... எனக்கு மீனைச் சட்டியில்தான் பழக்கம்.

போன வாரம் சிதறாலில் என் தம்பி ஸ்டீபன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே அவனுக்கு ஒரு குளம் உண்டு. ஊற்றுத் தண்ணீர், பகலெல்லாம் நிழல். கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். அதில் திலேப்பியா வளர்க்கிறார்கள். பார்த்துக்கொள்வது தம்பி மனைவி ஹெலன். உயிர் மீனாகவே விற்பாள். அவள் கைக்கென்று வருகிற வருமானம் அது ஒன்றுதான்.

அன்று குளக்கரையில் ஷைனி நின்றிருந்தாள். ராஜாக்கமங்கலம் பக்கம், கடலோரத்து மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கிற பெண். வலையில் வந்த மீன் ஒன்றை ஈரத்துணியில் பொதிந்து பிடித்து, அதன் வயிற்றருகே கையளவு மெஷின் ஒன்றைக் காட்டினாள். ‘கீ’ என்று ஒரு சத்தம். மெஷினில் நீளமாக ஒரு நம்பர்.

“அது என்ன மக்ளே?” என்று கேட்டேன்.

“மீனுக்க நம்பர் பெரியம்மா. உள்ள அரிசி மணி போல ஒரு சிப் வச்சிருக்கு. இதுக்க அப்பன் யாரு, அம்மை யாருன்னு இதை வச்சுப் பாத்துக்கிடலாம்.”

மீனுக்கு அப்பன் பெயரா?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களாகவே அந்தக் குளத்தில் மீன் சிறுத்துக்கொண்டே வந்தது. என்ன தீனி போட்டாலும் உள்ளங்கையைத் தாண்டவில்லை. வாங்க ஆள் குறைந்தது. ஸ்டீபன் வெறுத்துப்போய், குளத்தில் மண்ணடித்து ரப்பர் வைக்கப்போகிறேன் என்று லாரிக்காரரிடமும் பேசிவிட்டான். ஹெலன் முகமே செத்துப்போயிற்று. யாரோ சொல்லித்தான் ஷைனியை வரவழைத்தாள்.

ஷைனி கேட்ட முதல் கேள்வி: “இதுல வளருத பெரிய மீனை எல்லாம் என்ன செய்வியோ?”

ஸ்டீபன் பெருமையாகச் சொன்னான். “அறுப்பின் பண்டிகைக்குச் சபைக்குக் கொடுத்திருவோம். குளத்துலயே பெரிசு எதுவோ, அது கர்த்தருக்கு.”

பண்டிகையன்று வாழைக்குலை, சேனை, கோழி, மீன் என்று அவரவர் விளைச்சலில் சிறந்ததை ஆலயத்தில் கொண்டு வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அது எங்கள் வழக்கம்.

ஷைனி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அப்போ பெரிசெல்லாம் வெளியே போவும். பொடிசுதான் குளத்துல நின்னு குஞ்சு பொரிக்கும், அதுவும் பொடிசாத்தானே வரும்... குளத்துல நெருக்கமும் ஜாஸ்திதான். ஆனா இதுவும் ஒரு காரணம் அண்ணா.”

தப்பு என்று எதைச் சொல்ல? சாமிக்குச் சிறந்ததைக் கொடுத்தது தப்பா?

அந்த வருஷப் பண்டிகைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. குளத்தில் நல்ல ஆண் மீன் ஒன்று மட்டும் தேறியிருந்தது. ஷைனிக்கு அது இனப்பெருக்கத்துக்கு வேண்டும். ஸ்டீபனுக்கு அது ஆலயத்துக்கு வேண்டும்.

“எக்கா, நீயே சொல்லு. கர்த்தருக்குப் பொடி மீனைக் கொண்டு வைக்கவா?” என்று என்னைப் பார்த்தான். நான் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

ஹெலன்தான் சொன்னாள். “பெரிசையே கொண்டு வைங்க. ஆனா உயிரோட கொண்டு வைங்க.”

அப்படித்தான் அந்த மீன் ஒரு தொட்டியில் ஆலயத்துக்கு வந்தது. போதகர் ஜெபம் பண்ணும்போது ‘சளப்’ என்று ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஞானஸ்நானம் போலத் தண்ணீர் தெறித்தது. ஏலத்தில் அதற்குப் போட்டி. ஹெலன் ஒரு பக்கம், எங்கள் சித்தப்பா மகன் ஜஸ்டின் மறுபக்கம்.

“மைனி, சொந்தக் குளத்து மீனையா காசு கொடுத்து வாங்குதியோ? வெயிலு தலைக்கு ஏறியாச்சா?” என்றான் ஜஸ்டின்.

“நீ கறிக்குக் கேக்குத மக்கா. நான் மாப்பிள்ளையாக்கக் கேக்குதேன்.”

ஏலம் போட்ட சபைப் பெரியவர் விடுவாரா? “மாப்பிள்ளைன்னா ரேட்டு கூடும் ஹெலன்” என்று இன்னும் ஏற்றினார். சபையே சிரித்தது. கடைசியில் ஜஸ்டின் கையெடுத்துக் கும்பிட்டு விலகினான். மீன் வந்த தொட்டியிலேயே வீடு திரும்பியது.

பிறகுதான் எனக்குப் புரியாத வேலையெல்லாம் நடந்தது. அது முடியும்வரை மட்டும் மண் லாரியைத் தள்ளிப்போட ஸ்டீபன் ஒத்துக்கொண்டான். அந்த மாப்பிள்ளைக்கும், மெலிந்த ஒருவன் உட்பட அதே குளத்தின் வேறு சில ஆண் மீன்களுக்கும் தனித்தனி வலைக்கூண்டில் ஜோடி சேர்த்தார்கள். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே அடைகாக்குமாம். இரை எடுக்காமல் பட்டினி கிடக்குமாம்... இத்தனை வருஷம் குழம்பு வைத்தேன், எனக்கு இது தெரியாது. குஞ்சுகள் விரல் நீளம் ஆனதும் சிப் வைத்து, ஒவ்வொரு அப்பனின் குடும்பத்திலும் பாதியைச் சிதறால் குளத்தில் விட்டார்கள். பாதியை ஷைனியின் கடலோரப் பண்ணைக் குளத்தில். அங்கே நல்ல வெயில். கோடையில் தண்ணீர் உப்பேறும்.

போன வாரம் நான் பார்த்தது அந்தப் பிள்ளைகளைத்தான்.

“நம்ம மாப்பிள்ளைக்க பிள்ளியோதான் இங்க வளர்ச்சியில முதல்ல நிக்குது அண்ணா” என்றாள் ஷைனி.

ஸ்டீபன் மீசையைத் தடவினான். “அங்க?”

“அங்க... கடைசி.”

“ஒரே அப்பனுக்க பிள்ளியோதானே?”

“தண்ணி வேறல்லா. அங்க இன்னொருத்தனுக்க பிள்ளியோ முதல்ல நிக்குது. அந்த மெலிஞ்ச ஆண் மீன்.”

“அவனையா? அவனை நான் குழம்புல போடப் பாத்தேன்” என்றாள் ஹெலன்.

மெலிந்தவன் பிள்ளைகள் இங்கேயும் மோசமில்லை. இரண்டு தண்ணீரிலும் தோற்காத குடும்பம் அதுதானாம். ஊருக்கெல்லாம் குஞ்சு கொடுக்க அதைத்தான் எடுப்பார்களாம்.

குளத்தில் எது பெரிய மீன் என்று என் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வேறு தண்ணீரில் அது என்ன ஆகும் என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? மனிதர்கள் பொறுமையாக மீனுக்குக் குடும்பம் குடும்பமாக நம்பர் போட்டு அதைக் கண்டுபிடிக்கிறார்களே. படைத்தவரை நினைப்பதா, கண்டுபிடித்தவர்களை நினைப்பதா?

நம் வீடுகளிலும் பாருங்கள். ஒருவன் துபாய் வெயிலில் செழிக்கிறான். அவன் தம்பி தக்கலையைத் தாண்டினால் வாடிவிடுகிறான். உடனே ‘இவனுக்குச் சாமர்த்தியம் போதாது’ என்கிறோம். எந்தத் தண்ணீரில் நிற்கிறான் என்று பார்த்தோமா?

ஸ்டீபனுக்கு மனசு ஆறவில்லை. “அப்போ நம்ம ஆளைத் தள்ளிட்டியளா?”

“எதுக்குத் தள்ளணும்? இந்த நிழல் குளத்துக்கு அவனுக்க வாரிசுதான் வேணும். இங்க விடுததுக்கு அதுல இருந்தே குஞ்சு எடுப்போம்” என்றாள் ஷைனி.

ஹெலன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளிப்போய் போனை எடுத்தான்.

மீன் குடும்பம், சிப், உப்புத் தண்ணீர் என்று நான் எழுதியதில் பிசகு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். லாரிக்காரரிடம் தம்பி ‘மண்ணு வேண்டாம்’ என்று சொன்னதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம் — அதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.