தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சிலை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டவன் நான். சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்தில் தப்பு இருக்காது.

கோபுரங்களிலும் மதில்களிலும் சிமெண்டால் பொம்மை செய்வது என் தொழில். வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை இல்லாத நாளில் மியூசியத்துக்குப் போய்விடுவேன். கோவிலுக்குள் இருக்கும் மியூசியத்தில் தந்தத்தில் செய்த சிறிய உருவங்கள் உண்டு. அவ்வளவு சின்ன உடம்பில் துணி மடிப்பும் வயிற்றுச் சதையும் தெரியும். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது மலைக்கோட்டைப் பக்கம் பழைய அரண்மனைக் கட்டடத்தில் இருக்கும் மியூசியம்தான். அதற்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

வையம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில், கோவில் வாசல் வளைவின் உச்சியில் வைக்க ஒரு காவல் சாமி செய்தேன். தரையில் நிறுத்திச் செய்தபோது ஊரே மெச்சியது. மேலே ஏற்றியபின் அண்ணாந்து பார்த்தால், பெரிய உடம்பின் மேல் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல் தலை. ஊர்க்காரர்கள் அப்போதும் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். அதன்பின் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்த்தபடியே போவேன்.

அரண்மனை மியூசியத்தில் ஒரு கற்சிலை இருக்கிறது. ஏதோ ஒரு கோவில் விமானத்தின் மேலிருந்து இறக்கியது என்று சொன்னார்கள். தலை பெரிது, கால் குட்டை, முகம் முன்னால் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். வேலை தெரியாதவர் யாரோ செய்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் கால் வலித்து, அதன் பீடத்தருகே தரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை வாயில் சாய்த்தேன். கண் மேலே போனது. சிலை அளவாக, கம்பீரமாக நின்றது. முகம் என்னையே பார்த்தது. கீழே நிற்பவன் கண்ணுக்காகத் தலையைக் கூட்டியிருக்கிறார் அதைச் செய்தவர்.

கோவிலில் அந்தச் சிலையை நான் அண்ணாந்து கும்பிட்டிருப்பேன், அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் உளி போன வழியை யார் காட்டியிருப்பார்கள்? கீழே இறக்கி வைத்ததால்தான் எனக்கு வேலை தெரிந்தது. அன்றிலிருந்து உயரத்துக்குப் போகும் பொம்மைகளை அந்தக் கணக்கில்தான் செய்கிறேன்.

போன வருடம் ஒரு சர்ச்சில் கோபுர உச்சிக்கு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர் சிலை, கேட்டார்கள். செய்து முடித்ததும் பார்க்க என் கொட்டகைக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் அந்த சர்ச்சின் பங்கு ஃபாதர். இன்னொருவர் சர்ச் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் அம்மா.

“என்ன மேஸ்திரி இது, பூசணிக்காய்க்கு இறக்கை வச்ச மாதிரி இருக்கு!” என்றார் டீச்சர்.

“தலையைக் கொஞ்சம் செதுக்கிக் குறைச்சிடுங்களேன்” என்றார் ஃபாதர் மெதுவாக.

“இல்லீங்க ஃபாதர்... மேல போனா...” நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“குறைக்கலேன்னா சொல்லிடுங்க. கடையில ரெடிமேடா ஃபைபர் சிலை இருக்கு” என்றார் டீச்சர்.

சரி என்று தலையாட்டியிருந்தால் வேலை கையில் நின்றிருக்கும். இன்னொரு எலுமிச்சம்பழத்தை உச்சியில் ஏற்ற எனக்கு மனமில்லை. “ஒரே ஒரு இடத்துக்கு வாங்க. அப்புறம் நீங்க சொல்றபடி” என்றேன்.

ஃபாதரின் காரிலேயே மியூசியத்துக்குப் போனோம். கற்சிலை முன்னால் நிறுத்தினேன்.

“இதுக்கும் தலை பெருசு. உங்க சம்மனசுக்குச் சொந்தமா?” என்றார் டீச்சர்.

நான் பீடத்தருகே தரையில் உட்கார்ந்தேன். ஃபாதர் என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியைச் சுருட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்து நிமிர்ந்தார்.

“டீச்சர், நீங்களும் உக்காருங்க.”

“முட்டி வலி ஃபாதர். உக்காந்தா யாரு தூக்கி விடறது?”

“நானும் மேஸ்திரியும்.”

டீச்சர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். “அட!” என்றார்.

காவலாளி ஓடிவந்தார். “ஃபாதர், இங்க ஜெபமெல்லாம் பண்ணக் கூடாதுங்க.”

“ஜெபம் இல்லப்பா. பாடம் நடக்குது” என்றார் டீச்சர்.

எழுந்ததும் ஃபாதர் சொன்னார்: “தலையைத் தொடாதீங்க மேஸ்திரி.”

“பூசணிக்காயாவே தெரிஞ்சா நீங்கதான் இறக்கணும்” என்றார் டீச்சர்.

“இறக்கறேங்க” என்றேன். இந்த வார்த்தை மட்டும் தடுமாறாமல் வந்தது.

செயின் புல்லி கட்டி ஏற்றிய அன்று, கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். சம்மனசு சாலையைக் குனிந்து பார்த்தது. தலை, இறக்கை, கால் எல்லாம் அளவு. டீச்சர் சாலையைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“மேஸ்திரி, தலையை இன்னும் ஒரு விரக்கடை கூட்டியிருக்கலாமோ?”

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.