பாவ அறிக்கைக்குப் பிந்தி வந்தவர்

நல்லதம்பியிடம் திட்டு வாங்காத டிரைவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிடையாது. தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம்கீப்பர். இரண்டு நிமிஷம் பிந்தி வந்தாலும் அந்த பஸ்ஸுக்கு அந்த நடை போச்சு. அடுத்து நிற்கும் பஸ்தான் ஆள் ஏற்றும். டிரைவர் கெஞ்சினால், "மணியப் பாருங்க, என் மூஞ்சிய எதுக்குப் பாக்குறீங்க?" என்பார். மனுஷர் அவ்வளவுதான்.

அந்த முறைப்பு சும்மா வந்ததில்லை. முப்பத்தைந்து வயது வரை குடித்தே கிடந்தவர். மனைவி பானுமதி ஒருநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மன்னார்புரத்தில் தங்கள் சபைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகு ஞாயிறு எட்டரைக்கு ஆராதனை, தினமும் ஏழுக்கு வீட்டு ஜெபம், ஒன்பதுக்குப் படுக்கை என்று கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் கரையேறினார். ஒன்று தவறினால் மொத்தமும் சரிந்து மறுபடி சாக்கடையில் கிடப்போம் என்று உள்ளுக்குள் பயம். பதினாறு வருஷமாகியும் அது போகவில்லை.

அந்தப் பயத்தைக் கோயில் வாசலிலும் கொண்டுவந்து நிறுத்தினார். வருகிறவர்களை உட்காரவைக்கும் பொறுப்பு அங்கே அவருடையது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே திருவிருந்து. சனங்கள் பத்துப் பன்னிரண்டு பேராக, பந்தி பந்தியாகப் பீடத்தின் முன் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். ஆராதனையின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வது வழக்கம். அது முடிந்த பிறகு வருகிறவர் பந்திக்குப் போகக்கூடாது என்று நல்லதம்பி ஒரு சட்டம் போட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்.

"பாவத்தச் சொல்லாம பந்திக்குப் போறது, கை கழுவாம சோத்துல கை வைக்கிற மாதிரி" என்பார்.

ஐயர் (போதகரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருமுறை தோளில் கைபோட்டுச் சொல்லிப்பார்த்தார். "விடுங்க நல்லதம்பி. கூப்பிட்டது ஆண்டவரு, நாம இல்ல."

"அப்ப ஒழுங்குன்னு ஒண்ணு எதுக்கு ஐயரே?"

ஐயர் நல்ல மனுஷர், சண்டைக்கு ஆகாதவர். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்தச் சட்டத்தில் அதிகம் மாட்டியது சந்திரம்மாள். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் பூ விற்கிறவள், அறுபது தாண்டியவள். பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களுக்குத் துளசி மாலை விற்றுவிட்டு, கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு, பஸ் மாறி வருவதற்குள் எப்படியும் ஒன்பது ஆகிவிடும். "கடைசி பெஞ்சுல உக்காருங்கக்கா, பந்திக்கு வேணாம்" என்றார் நல்லதம்பி. அவளும் உட்கார்ந்தாள். இரண்டு வருஷம்.

இந்த வருஷம் நல்லதம்பியின் மகள் ஜென்சிக்குத் திடப்படுத்தல். வயசு வந்த பிள்ளைகள் சபை முன்னால் விசுவாசத்தைச் சொல்லி, முதல்முறையாகத் திருவிருந்து வாங்கும் நாள். "அப்பா, அம்மாவும் நீங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் முழங்கால் போடணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லதம்பி புதுச் சட்டை எடுத்தார். லீவும் எழுதிக் கொடுத்தார்.

அன்று காலை, மாற்று ஆள் மன்சூரிடம் பஸ் நேரம் எழுதிய அட்டையைக் கொடுக்க ஐந்தே நிமிஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அதுதான் தப்பு. முசிறி பஸ் ஒன்று நான்கு நிமிஷம் பிந்தி வந்து, தன் நடையை எடுக்கப் பார்த்தது.

"அண்ணே, நான் பாத்துக்குறேன். பாப்பாவுக்கு விசேஷம், நீங்க கெளம்புங்க" என்றான் மன்சூர்.

"நீ விட்டுருவடா!" நல்லதம்பி புதுச் சட்டையோடு பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றார். டிரைவர் இறங்கினான், கண்டக்டர் இறங்கினான், பின்னால் ஏழெட்டு பஸ் ஹாரன் அடித்தது. கடைசியில் முசிறி பஸ் தோற்றுத்தான் போனது. ஆனால் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

அவர் மன்னார்புரத்தில் இறங்கி ஓடிவந்தபோது பாவ அறிக்கை எப்போதோ முடிந்திருந்தது. பிள்ளைகள் பீடத்தின் முன் முழங்காலில் நின்றார்கள். ஜென்சிக்கு ஒரு பக்கம் பானுமதி. மறு பக்கம் ஓர் ஆள் இடம், காலி.

நல்லதம்பி பீடத்துப் பக்கம் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற ஆளே அவர்தானே. கடைசி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் சந்திரம்மாள்.

"என்ன தம்பி, பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

அவர் கண் ஜென்சியின் முதுகிலேயே இருந்தது. அவள் ஒருதரம் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"புள்ள தேடுது. போங்க."

"எப்படிக்கா போறது? அறிக்கை சொல்லலையே."

"இப்ப சொல்லுங்க. யாரு வாயப் பொத்துனா?"

பதினாறு வருஷமாக வாரந்தவறாமல் சொன்ன வரிகள். ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"அக்கா... ரெண்டு வருஷமா உங்கள இந்த பெஞ்சுல உக்கார வச்சது நான்தான்."

"தெரியாதாக்கும்!" சந்திரம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு மாசமும் உங்களத் திட்டிக்கிட்டேதான் ஜெபம் பண்ணுவேன். அதுக்கும் ஆண்டவரு மன்னிக்கணும். சரி, சொல்லிட்டீங்கள்ல? எந்திரிங்க."

"நீங்க?"

"என்னைய யாரு விடுறா?"

நல்லதம்பி எழுந்தார். பூ மணக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியில் நடந்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவரால் தடுக்கப்பட்டவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள்; அவர்கள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. ஐயர் அப்பத்தட்டோடு நிதானமாக நின்றார். அவர் பார்வை கடிகாரத்துப் பக்கம் போகவே இல்லை.

காலி இடத்தில் நல்லதம்பி முழங்கால் போட்டார். ஜென்சி தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

"லேட்டுப்பா நீங்க."

"தெரியும்டி. கொஞ்சம் தள்ளு, அக்காவுக்கும் எடம் வேணும்."