மாட்டு வயிற்றிலிருந்து வந்த கம்பி

மாட்டு டாக்டர் முழங்கைக்கு மேல்வரை கையைப் பசுவின் கீறித் திறந்த விலாவுக்குள் விட்டிருந்தார். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் பசு நின்றபடியே இருந்தது. கண் மட்டும் உருண்டது. வெளியே வந்த கையில், சாணிப் பச்சைக்கு நடுவே, விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. அதை வாளித் தண்ணீரில் அலசி வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒரு முனை ஊசிபோலத் தேய்ந்திருந்தது. மறுமுனையில் வெல்டிங் வைத்த பொட்டு. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் நெஞ்சில் குத்தியிருக்கும் என்றவர், "வைக்கோல்லதான் வந்திருக்கணும். எந்தக் களத்து வைக்கோல்மா?" என்று பால்கார அக்காவிடம் கேட்டார். அவள், பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பாவுக்கு அந்தக் கம்பியைத் தெரியும். எங்கள் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. அறுப்புக்கும் அடிப்புக்கும் ஆள் கிடைக்காது. ஊரில் பாதிப் பேர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேன் ஏறிவிடுவார்கள். அப்போதுதான் அவர், யாரோ அடித்துத் தேய்த்துக் கழித்துவிட்ட கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். உருளையில் வரிசையாக இருக்கும் கம்பிப் பற்கள்தான் கதிரை அடித்து நெல்லை உதிர்க்கும். பல் உடைந்தால் புதிது வாங்கமாட்டார். காயலான் கடையில் கிடக்கும் கம்பெனிக் கழிவுக் கம்பியை வளைத்து அவரே பற்றவைத்துவிடுவார். "இரும்புதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்பார். அந்தக் கம்பி வளையாது. சூடு பட்ட இடத்தில் சட்டென்று முறியும். அந்த வருஷம் ஊரின் பாதி நெல்லை அந்த இயந்திரம்தான் அடித்தது. எங்கள் வீட்டு நெல்லையும்.

டாக்டர் தையல் போடத் தொடங்கியபோது, சித்தப்பா கயிற்றை யாரிடமோ கொடுத்துவிட்டு என் தோளைப் பற்றினார். "வண்டிய எடு. வூட்டுக்குப் போ." பின்னால் ஏறிக்கொண்டார். வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி, "சோறு போடாத, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

சித்தி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த பையன்களுக்கு எங்கள் நெல் அரிசியிலேயே மெஸ் நடத்திவந்தாள். இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். கம்பியைப் பற்றிச் சித்தப்பா அவள் காதோரம் சொன்னதும் கையிலிருந்த கரண்டி நழுவியது. "ஐயோ, காலையில அந்தத் தூத்துக்குடிப் பையன் சொன்னானே!" என்றாள். அவன் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "அக்கா, தொண்டையில என்னமோ முள்ளு குத்துன மாதிரியே இருக்கு" என்றான். மீனே ஆக்காத வீட்டில் முள் ஏது என்று எல்லோரும் சிரித்தோம். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொல்லிக் கொடுத்தாள் சித்தி. விழுங்கிவிட்டு முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான்.

அவனும் நானும் ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிஃப்டு. கேட்டில் காவலாளி என்னை விட்டார், சித்தப்பாவை விடவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வந்தேன். லைனை நிறுத்த முடியாது, மாற்றிவிடவும் ஆள் இல்லை, என்ன அவசரம் என்றார் அவர். சித்தப்பா கேட்டுக்கு வெளியிலிருந்தே, "அவுங்க ஊர்ல ஒரு சாவு சார்" என்றார்.

"எங்க ஆபீசுக்குத் தகவல் வரலையே. ஷிஃப்டு முடிஞ்சதும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

எங்களுக்குப் பின்னால், அடுத்த ஷிஃப்டுக்கு முன்னாடியே வேனில் வந்து இறங்கிய ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் வீட்டு நெல் சித்தப்பாவின் இயந்திரத்தில் அடித்தது. அவர் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "சார், பொய் சொல்லிட்டேன். எம் மிஷின் பல்லு ஒடஞ்சி அரிசியில கலந்துகீது. அந்தப் பையன் தொண்டையில அதான் மாட்டிகினு இருக்கு. எங்க வூட்டுச் சோறு சார்." சூப்பர்வைசர் ஓடினார்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், கழுத்தெலும்புகளுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அரிசி நீளம்தான் இருக்கும். அதனால்தான் மில்லின் சல்லடை அதை அரிசியென்று விட்டிருக்கிறது. எதையும் விழுங்கக் கூடாது, எச்சில்கூட, என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்கள். கம்பெனி வேனில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் போகும்வரை அவன் ஒரு துண்டில் துப்பிக்கொண்டே வந்தான். துண்டில் சிவப்பு படியத் தொடங்கியது. சித்தப்பா அந்தத் துண்டைத் தன் இரண்டு கைகளாலும் அவன் வாய்க்கருகே ஏந்தியிருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஓட்டுநரைப் பார்த்து, "மெதுவா" என்பார்; அடுத்த நொடியே, "சீக்கிரம்பா" என்பார். எங்கள் இருவரில் யாருக்கும் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சென்னையில் தொண்டைக்குள் குழாய் விட்டு அதை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் உணவுக்குழாய் ஓட்டையாகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

ஊர் திரும்பியதும் சித்தப்பா, அந்த அரிசியை ஆக்க வேண்டாமென்று சொல்ல வீடு வீடாகப் போனார். அதற்குள் செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் சட்டையைப் பிடித்தார். மில்காரர், "எம் பேர ஏன்யா சந்தியில இழுக்கற?" என்று சண்டைக்கு வந்தாலும், மூட்டைகளை வெளியே விடாமல் நிறுத்திவைத்தார். பழைய ஒலிபெருக்கிகளைப் பிரித்துக் காந்தம் எடுத்து, களத்தில் கொட்டிய அரிசியில் ஊரே துழாவியது. ஒவ்வொரு முறை காந்தத்தில் மயிரிழைபோல ஏதாவது ஒட்டிவரும்போதும் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பால்கார அக்காவின் பசு பிழைத்துக்கொண்டது. அவள் சித்தப்பாவோடு பேசுவதைத்தான் விட்டுவிட்டாள். இயந்திரத்தை அவர் யாருக்கும் விற்கவில்லை. வேறு எவனாவது ஓட்டுவான் என்று உருளையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போட்டார்.

மெஸ்ஸுக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்று சித்தி அழுதாள். முதலில் வந்தவன் தூத்துக்குடிப் பையன்தான். இலைமுன் உட்கார்ந்தான்; சோறு விழுந்தது; கை நீளவில்லை. சித்தப்பா எதிரே உட்கார்ந்து, அவன் இலையிலிருந்தே ஒரு பிடி எடுத்து, வெறும் சோற்றை நெடுநேரம் மென்று விழுங்கினார். "இப்ப சாப்புடுப்பா" என்றார். மெஸ் இருந்தவரைக்கும் ஒவ்வொரு பானைச் சோற்றிலும் முதல் பிடி அவருடையதாகவே இருந்தது.

எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுச்சுவரும் கேட்டும் இருக்கின்றன. அரிசி, பெயர் அச்சடித்த பையில் வருகிறது. எந்தக் களத்தில், எந்த இயந்திரத்தில் அடித்தது என்று கேட்க யாரும் இல்லை. தூத்துக்குடிப் பையன் பக்கத்து ஊரான வல்லத்திலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டான். புதுமனை புகும் நாளில் எங்களை அழைத்திருந்தான். பந்தி தொடங்கும் நேரத்தில் சித்தப்பாவைக் காணோம். தேடிப் போனேன். தள்ளாத வயதில், சமையல் கொட்டகையில், வடித்த சோற்றுப் பானைக்கு முன்னால் குந்தி மென்றுகொண்டிருந்தார். சமையல்காரர்கள் அவரைத் துரத்தப் பார்த்தார்கள். வீட்டுக்காரன்தான் ஓடிவந்து தடுத்தான்.

"இருங்க, அவரு முடிக்கட்டும். அப்புறம் பரிமாறலாம்."